டவர் தேர்வும் டில்ட் திருத்தமும்: ஜெனிட்டிக் அல்காரிதம் எப்போது, மற்றவை எப்போது?

மொபைல் டவர் வைக்க ஏற்ற முந்நூறு மொட்டை மாடிகளின் பட்டியல் கையில் இருக்கிறது. பட்ஜெட் நூறு சைட்டுக்குத்தான் (சைட் என்பது டவர் நிற்கும் இடம்). எந்த நூறு? இதற்குள்ள வழிகளை எண்ணினால் 80 இலக்கத்தைத் தாண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடக்காது. பிளானிங் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களும், இதே தலைப்பில் எம்.இ. புராஜெக்ட் எடுத்தவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, "ஜெனிட்டிக் அல்காரிதம் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள்.

போடலாம். பல பிளான்களைக் கலந்து கலந்து மேம்படுத்தும் தேடல் முறை அது. ஆனால் எந்த மாடியில் டவர் என்று முடிவு செய்வதற்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஆன்டெனாவை எவ்வளவு கீழே சாய்ப்பது (டில்ட்), எந்தத் திசைக்குத் திருப்புவது என்று இறங்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. அப்போதும் அதற்கு ஒரு போட்டியாளர் உண்டு. ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், விடையின் தரம். விடை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. உச்சத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முறையே சொல்லுமா என்பதும் முக்கியம். இரண்டாவது, நேரம்: ஒரு பிளானை மதிப்பிட ஆகும் நேரத்தை, மதிப்பிட வேண்டிய பிளான்களின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஒரு செக்டர் (டவரில் ஒரு திசையைப் பார்க்கும் ஆன்டெனாவின் பகுதி) இன்னொன்றைக் கெடுக்கும் இன்டர்ஃபியரன்ஸை அந்த முறை கணக்கில் எடுக்குமா என்பது.

மற்ற இரண்டும் பாடப்புத்தகத்தில் கிடைக்காதவை. வீட்டு உரிமையாளர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்று சொன்னால், பிளான் முழுவதும் கலையாமல் அந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைக்க முடியுமா? வரும் விடையைக் கோபுரம் ஏறும் ஆட்கள் ஒரு வாரத்தில் செய்து முடிக்க முடியுமா? நம் ஊரில் பிளான்கள் செத்துப்போவது அல்காரிதத்தால் அல்ல, இந்த இரண்டால்தான்.

## அல்காரிதத்தைத் தொடுவதற்கு முன்

2011 விரிவாக்கத்துக்குப் பின் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதை 50 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் சுமார் 1,70,400 கட்டங்கள். 300 சைட்டுக்கு மூன்று செக்டர் வீதம் 900 செக்டர். ஒவ்வொரு செக்டரிலிருந்தும் ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து சேரும் சிக்னலை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால் 15.3 கோடி எண்கள்; எண்ணுக்கு 2 பைட் என்றால் 300 எம்பி. டில்ட் 0 முதல் 10 டிகிரி வரை 11 நிலைகளுக்கும் சேர்த்தால் 3.4 ஜிபி. செக்டரிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதை வெட்டிவிட்டால் செக்டருக்கு 11,300 கட்டங்கள்தான் மிஞ்சும். 11 டில்ட்டும் சேர்ந்து 225 எம்பிக்குள் அடங்கிவிடும், சாதாரண லேப்டாப்பே போதும். திசையையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் பாத்லாஸை (வழியில் சிக்னல் இழக்கும் அளவை) மட்டும் சைட்டுக்கு ஒரு முறை சேமித்து, ஆன்டெனா பேட்டர்னை (எந்தத் திசையில் எவ்வளவு வீசும் என்பதை) தனியே கூட்டிக்கொள்ளுங்கள். இந்த அட்டவணை இல்லாமல் எந்த முறையை ஓட்டினாலும் மூச்சு வாங்கும்.

பாத்லாஸ் மாடலில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஹாட்டா மாடல் 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. காஸ்ட் 231 மாடல் அதை 2000 வரை நீட்டியது. இரண்டும் 30 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆன்டெனாவுக்கும், 1 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கும் எழுதப்பட்டவை. தி.நகரில் 25 மீட்டர் உயரத்தில், 400 மீட்டருக்கு ஒரு சைட் என்று வைத்துக்கொண்டு, 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு அதையே போட்டால் எல்லை மூன்று இடத்தில் மீறப்படுகிறது. அதற்கு மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 38.901 ஆவணத்தில் உள்ள யூஎம்ஏ (நகரப் பெரிய செல்), யூஎம்ஐ (நகரச் சிறு செல்) மாடல்களை எடுத்துக்கொண்டு, டிரைவ் டெஸ்ட் (வண்டியில் சுற்றி சிக்னலை அளப்பது) அளவுகளை வைத்து டியூன் செய்ய வேண்டும். நன்றாக டியூன் செய்த மாடலிலும் 7, 8 டெசிபல் விலகல் சாதாரணம். ஆகவே ஒரு முறை 96.1% கவரேஜும் இன்னொன்று 96.4% கவரேஜும் கொடுத்தால் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இன்னொன்று: வடிகட்ட முடிந்ததை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு உள்ள மாடிகள், கதிர்வீச்சு வரம்பு ஏற்கெனவே நிறைந்த மாடிகள் (இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை விதித்தது, 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், அந்த மாடியில் உள்ள எல்லா நிறுவனங்களும் சேர்ந்து) பட்டியலிலேயே இருக்கக்கூடாது. மதிப்பெண்ணில் அபராதம் போட்டு அல்காரிதமே தவிர்க்கட்டும் என்று விட்டால், அபராதத்தைக் கட்டிவிட்டு அங்கேயே போய் நிற்கும்.

## கிரீடியும் மாற்றிப் பார்த்தலும்

கிரீடி முறை இதுதான்: அதிகக் கட்டங்களை மூடும் (சிக்னல் எட்டும்) மாடியை முதலில் எடு; மீதியில் அதிகம் மூடுவதை அடுத்து எடு; பட்ஜெட் தீரும்வரை இப்படியே. பைத்தானில் இருபது வரி. 300 மாடிகளுக்கு நொடிகளில் முடியும். எல்லா மாடிக்கும் ஒரே செலவு என்றால், மூடிய பரப்பு உச்சத்தில் 63%-க்குக் குறையாது என்று 1978-லேயே நிறுவியிருக்கிறார்கள். நடைமுறையில் அதைவிட மிக நன்றாகவே வரும்.

எங்கே சறுக்கும்? பனகல் பூங்கா பக்கம் ஓர் உயரமான கட்டடம் 6 தெருக்களை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி 5 தெரு, அண்ணா சாலைப் பக்கம் ஒரு மாடி 5 தெரு. இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. நடுக் கட்டடத்தின் 6 தெருக்களில் மூன்று மாம்பலத்தோடும் மூன்று அண்ணா சாலையோடும் பொதுவானவை. கிரீடி முதலில் பனகலை எடுக்கும், பிறகு ஓரத்தில் ஒன்றை எடுத்து 2 தெருவைச் சேர்க்கும்: மொத்தம் 8. ஓரத்து இரண்டையும் எடுத்திருந்தால் 10. இங்கேதான் "மாற்றிப் பார்" கை கொடுக்கிறது. தேர்ந்தெடுத்த ஒன்றைக் கழற்றி, வெளியே உள்ள ஒன்றைப் போட்டு, கணக்கு ஏறினால் வைத்துக்கொள். ஏறாவிட்டால் பழையபடி விடு. பனகலைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் மீதமுள்ளதைப் போட்டதும் 10 வந்துவிடும்.

உரிமையாளர் மறுத்தாலும் இதுவே போதும்: அந்த ஒரு சைட்டை நீக்கி, அதன் சுற்றுவட்டத்தில் மட்டும் மாற்றிப் பார்த்தால் அரை நிமிட வேலை. மறைமுகச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இன்டர்ஃபியரன்ஸ் மட்டும் இதன் கண்ணுக்குத் தெரியாது. எந்த முறையைப் பயன்படுத்தினாலும் முதலில் இதை ஓட்டி, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இதைத் தாண்டாத ஜெனிட்டிக் அல்காரிதம் வெறும் மின்சாரச் செலவு.

## இன்டிஜர் புரோகிராமிங்

ஒவ்வொரு மாடிக்கும் 0 (வேண்டாம்) அல்லது 1 (வேண்டும்), ஒவ்வொரு கட்டத்துக்கும் "இதை மூடும் மாடிகளில் ஒன்றாவது 1 ஆக இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை, மொத்த வாடகை குறைய வேண்டும் என்ற இலக்கு. ஹைஸ், சிபிசி போன்ற இலவச சால்வர்களே (இத்தகைய கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்கள்) 300 மாடி அளவுள்ள கணக்கைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒரே மாதிரி மூடப்படும் கட்டங்களை முதலில் ஒன்றாகத் தொகுத்துக்கொண்டால் அளவு பல மடங்கு சுருங்கும்.

இதன் தனிச்சிறப்பு, "இந்த விடையைவிட நல்லது இருந்தாலும் 1%-க்குமேல் இருக்காது" என்று சால்வரே சொல்லிவிடும். மேலிடத்தில் ஏன் 104 சைட், ஏன் 98 போதாது என்று கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கிறது. மழைக்காலத்துக்கும் இது கைகொடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் மின்சாரம் போய் சைட்டுகள் படுத்த அனுபவம் ஊருக்கே தெரியும். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதிகளின் கட்டங்களுக்கு மட்டும் "ஒன்றாவது" என்பதை "குறைந்தது இரண்டு" என்று மாற்றினால் போதும், ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்.

கிண்டி தேசியப் பூங்கா, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடங்களின் நடுவில் எந்த மாடியும் எட்டாத கட்டம் ஒன்றே ஒன்று இருந்தாலும், சால்வர் "விடையே இல்லை" என்று கையை விரித்துவிடும். மூடாமல் விட்ட கட்டத்துக்கு விலை வைத்து நிபந்தனையைத் தளர்த்துவது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

இன்டர்ஃபியரன்ஸைச் சேர்க்கும்போதுதான் உண்மையான சுவர் எதிர்ப்படும். தரம் என்பது சொந்த சிக்னலை மற்ற எல்லா சிக்னல்களின் கூட்டுத்தொகையால் வகுத்த விகிதம். அதை நேர்கோட்டுச் சமன்பாடாக வளைக்கப் பெரிய மாறிலிகளைப் போட வேண்டும். சிக்னல் வலிமை மைனஸ் 60 டிபிஎம் முதல் மைனஸ் 120 வரை என்றால் ஆறு தசம இலக்க இடைவெளி. சால்வர்கள் பொறுத்துக்கொள்ளும் பிழையின் வழக்கமான எல்லையே பத்து லட்சத்தில் ஒன்றுதான். விளைவு, ஒரு சைட்டை 0.000001 அளவுக்கு "திறந்து" அதிலிருந்து கவரேஜ் வாங்கிக்கொள்ளும் விடைகள் வரும். டில்ட்டையும் சேர்த்தால் இரவெல்லாம் ஓடி, காலையில் உச்சத்துக்கு 30% வரை இடைவெளியோடு நிற்கும்.

## சிமுலேட்டட் அனீலிங்

1983-ல் வந்த முறை. உலோகத்தை மெல்ல ஆறவிடுவதுபோல, ஆரம்பத்தில் மோசமான மாற்றத்தையும் சில சமயம் ஏற்றுக்கொண்டு, போகப்போகக் கறாராகும். கையில் எப்போதும் ஒரே ஒரு பிளான்தான். ஒரு படி என்பது ஒரு செக்டரின் டில்ட்டை மாற்றுவது. பாதிக்கப்படுவது அந்த 11,300 கட்டங்கள் மட்டுமே. முழு நகரத்தையும் மறுபடி கணக்கிடுவதைவிட 15 மடங்கு மலிவு. ஜெனிட்டிக் அல்காரிதத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. அங்கே ஒரு கலப்பில் பாதி நகரம் மாறிவிடுகிறது. டில்ட் மட்டும்தான் மாற்றம், இலக்கும் ஒன்றுதான் என்றால் எங்கள் ஓட்டு அனீலிங்குக்கே. வேகமாக ஆறவிட்டால் பாதி வழியில் உறைந்துபோகும் என்பதைத் தவிர இதில் பயப்பட அதிகமில்லை.

## ஜெனிட்டிக் அல்காரிதம்

ஜான் ஹாலண்ட் 1975-ல் வடிவம் கொடுத்தது. நூறு, இருநூறு பிளான்களை ஒரு கூட்டமாக வைத்து, நல்லவற்றைக் கலந்து, ஆங்காங்கே சிறு மாற்றம் செய்து அடுத்த தலைமுறையை உருவாக்குவது.

இது எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை ஒரே ஆன்டெனாவில் பார்க்கலாம். 25 மீட்டர் உயரத்தில் 4 டிகிரி சாய்த்தால் பீமின் நடு தரையைத் தொடுவது 357 மீட்டரில். 2 டிகிரி என்றால் 716 மீட்டர், 8 டிகிரி என்றால் 178 மீட்டர். இரண்டு டிகிரி தவறினால் அடுத்த தெருவுக்கு அல்ல, அடுத்த சைட்டின் வாசலுக்கே போய்விடும். ஒரு கட்டத்தில் சொந்த சிக்னல் மைனஸ் 90, பக்கத்து இரண்டும் தலா மைனஸ் 95 என்றால் தரம் 2 டெசிபல்தான். அதில் ஒன்றைச் சாய்த்து மைனஸ் 105-க்கு இறக்கினால் 4.6 ஆகும். ஆனால் அப்படிச் சாய்த்ததால் அந்தப் பக்கம் வேறொரு தெரு ஓட்டையாகியிருக்கலாம். நூறு சைட், 300 செக்டர், ஒவ்வொன்றுக்கும் 11 டில்ட், 5 திசை: ஒன்றுக்குப் பின் 522 பூஜ்யங்கள் அளவுக்கு வழிகள்.

தொடங்க ஏற்ற அளவுகள்: கூட்டத்தில் 200 பிளான், 3 பேர் போட்டியில் ஒருவரைத் தேர்வு செய்தல், கலப்பு விகிதம் 0.8 முதல் 0.9, மாற்ற விகிதம் ஜீன்களின் எண்ணிக்கையில் ஒரு பங்கு (ஜீன் என்பது ஒரு செக்டரின் டில்ட் அல்லது திசை; 300 செக்டருக்கு 600 ஜீன், ஆகவே இங்கே 600-ல் 1), சிறந்த 2 பிளான்கள் அப்படியே அடுத்த தலைமுறைக்கு. கூட்டத்தில் நான்கைந்து இடங்களைக் கிரீடி விடைக்கும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்குக்கும் ஒதுக்குங்கள்; எல்லாவற்றையும் அதிலேயே நிரப்பினால் கூட்டம் முதல் நாளே ஒரே முகமாகிவிடும். 300 தலைமுறை என்றால் 60,000 மதிப்பீடுகள். முன்கூட்டிய அட்டவணையோடு ஒன்றுக்கு 20 மில்லிசெகண்ட் என்றால் 20 நிமிடம். பிளானிங் மென்பொருளை ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு 2 செகண்ட் எடுத்தால் 33 மணி நேரம். பைத்தானில் பைமூ, டீப் என்ற நூலகங்கள் இரண்டும் இலவசம், பல கோர்களில் பிரித்தும் ஓட்டலாம்.

கெடும் இடங்கள் இதில்தான் அதிகம்.

கலப்பு. சைட் பட்டியல் எண் வரிசையில் இருக்கும், தி.நகரின் பக்கத்துப் பக்கத்து மாடிகள் 12-ஆவது இடத்திலும் 241-ஆவது இடத்திலும் கிடக்கும். வரிசையை நடுவில் வெட்டிக் கலந்தால், ஒன்றோடொன்று ஒத்துப்போன அண்டை செட்டிங்குகள் சிதறிவிடும். வரைபடத்தின் மேல் ஒரு கோடு போட்டு வெட்டுங்கள்: அடையாற்றுக்கு வடக்கே ஒரு பிளானிலிருந்து, தெற்கே இன்னொன்றிலிருந்து. கெடுவது எல்லைக்கோட்டு ஓரம் மட்டும். கோடு ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் விழட்டும்.

திசையின் சராசரி. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி எடுக்கும் கலப்பைப் போட்டால் 180 வரும். வடக்கு பார்த்த இரண்டு ஆன்டெனாவுக்குத் தெற்கு பார்த்த பிள்ளை. திசையைச் சராசரி எடுக்காமல் ஒன்றிலிருந்து அப்படியே எடுங்கள்.

கடல். கட்டங்களில் வங்காள விரிகுடாவை நீக்க மறந்தால் அல்காரிதம் மெரினா ஓரத்து ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் திருப்பும். தடுக்கக் கட்டடம் இல்லை, மரம் இல்லை, மலிவான கவரேஜ். கடலுக்கு சிம் கார்டு விற்க முடியாது. நீரைக் கழித்துவிட்டு, காசிமேட்டுப் படகுகளுக்காகக் கரையோரப் பட்டையை மட்டும் சிறு எடையோடு வைத்துக்கொள்ளலாம். மற்ற கட்டங்களுக்கும் பரப்பை வைத்து அல்லாமல் டிராஃபிக்கை வைத்து எடை கொடுங்கள். ரங்கநாதன் தெருவின் ஒரு கட்டமும் சதுப்பு நிலத்தின் ஒரு கட்டமும் ஒன்றல்ல.

ஒரே முகமாதல். முப்பது தலைமுறையிலேயே கூட்டம் முழுக்க ஒரே பிளானின் நகல்களாகிவிட்டால் அதற்குமேல் ஓட்டுவது வீண். இரண்டு பிளான்கள் சராசரியாக எத்தனை ஜீன்களில் வேறுபடுகின்றன என்பதைத் தலைமுறைக்கு ஒரு முறை அச்சிடுங்கள். சட்டென்று சரிந்தால் மாற்ற விகிதத்தை ஏற்றுங்கள், போட்டியை 3-லிருந்து 2 ஆகக் குறையுங்கள். ஒரு ஓட்டத்தை நம்பவும் கூடாது. பத்து விதைகளில் (ரேண்டம் தொடக்க எண்களில்) ஓட்டி, சிறந்ததை மட்டும் பார்க்காமல் நடுவில் நிற்பதையும் பாருங்கள்.

செய்ய முடியாத விடை. இதுதான் மிகப் பெரிய மறைமுகச் செலவு. 300 செக்டரில் 280-ஐ மாற்றச் சொல்லும் பிளான் காகிதத்தில் அழகு. ரிமோட் டில்ட் மோட்டார் உள்ள ஆன்டெனா என்றால் அலுவலகத்திலிருந்தே மாற்றலாம். இல்லையென்றால் ஆள் ஏற வேண்டும். எலக்ட்ரிகல் டில்ட்டை (ஆன்டெனாவை அசைக்காமல் பீமை மட்டும் சாய்ப்பதை) பேண்டுக்குப் பேண்ட் (அலைவரிசைக்கு அலைவரிசை) தனித்தனியாக வைக்கும் ஆன்டெனாக்கள் உண்டு. மெக்கானிகல் டில்ட்டோ ஆன்டெனா உடம்பையே சாய்ப்பது, அதில் உள்ள 900 மெகாஹெர்ட்ஸும் 1800 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்துதான் சாயும். இதைச் சொல்லாவிட்டால் அல்காரிதம் ஒரே ஆன்டெனாவில் 900-க்கு 2 டிகிரியும் 1800-க்கு 7 டிகிரியும் மெக்கானிகலாகக் கேட்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் விலையைக் கணக்கில் சேர்த்தால், 280 மாற்றங்கள் 60, 70 ஆகக் குறைந்தும் பலனின் பெரும்பகுதி மிஞ்சுவதைக் காணலாம்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக இது தருவது, ஒரே ஓட்டத்தில் பல விடைகள். ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப் குழு 2002-ல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 முறையைப் போட்டால், செலவும் கவரேஜும் தரமும் ஒன்றுக்கொன்று முரண்படும் எல்லைக்கோடே கிடைக்கும். 20 மாற்றத்துக்கு இவ்வளவு, 60-க்கு இவ்வளவு என்று மேசையில் வைத்துப் பேரம் பேசலாம். அனீலிங்கில் அதையே பெற ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

## பக்கத்துப் பக்கத்தில்

| | கிரீடி + மாற்று | இன்டிஜர் | அனீலிங் | ஜெனிட்டிக் |
|---|---|---|---|---|
| விடை எவ்வளவு தள்ளி என்று தெரியுமா | தோராயமாக | தெரியும் | தெரியாது | தெரியாது |
| நேரம் | நொடிகள் | நிமிடம் முதல் இரவு முழுக்க | நிமிடங்கள் | 20 நிமிடம் முதல் ஒன்றரை நாள் |
| இன்டர்ஃபியரன்ஸ் | இல்லை | திணறும் | உண்டு | உண்டு |
| ஒரு மாடி மறுக்கப்பட்டால் | அங்கேயே ஒட்டுப்போடலாம் | மறுபடி ஓட்டினால் பிளான் வெகுவாக மாறலாம் | அங்கேயே ஒட்டுப்போடலாம் | கூட்டத்தைச் சேமித்திருந்தால் தொடரலாம் |
| பல இலக்குகள் | ஒவ்வொன்றாக | ஒவ்வொன்றாக | ஒவ்வொன்றாக | ஒரே ஓட்டத்தில் |
| மறைமுகச் செலவு | மிகக் குறைவு | இலவச சால்வர் திணறினால் லைசென்ஸ், எழுதத் தெரிந்த ஆள் | ஆறும் வேகத்தைச் சரிசெய்தல் | பத்து விதை, அளவுகளைத் திருத்தும் நாட்கள் |

## யாருக்கு எது

புதிய பகுதிக்கு இடம் தேர்வதானால் கிரீடி, அதன்மேல் இன்டிஜர். ஓஎம்ஆர் ஐடி சாலை போல ஏற்கெனவே டவர் நிறைந்த இடத்தில் தரம் மட்டும் கெட்டிருந்தால், டில்ட்டுக்கு அனீலிங். டில்ட், திசை, எந்த செக்டரில் எந்தப் பேண்ட், ஆள் செலவு என்று எல்லாம் கலந்து வந்தால் ஜெனிட்டிக். சைட் பத்துக்குள் என்றால் அனுபவமுள்ள ஒருவர், மேப், ஒரு மதியம். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

செல் அடையாள எண்களான பிசிஐ ஒதுக்கீட்டுக்கு ஜெனிட்டிக் அல்காரிதத்தை வேண்டாம் என்றே சொல்வோம். எல்டிஇயில் (4ஜி) 504 எண்கள், 5ஜியில் 1008. இது அண்டைகளுக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்கு. நல்ல பிளான் ஒன்றில் எண்களை எல்லாம் இடம் மாற்றிப் போட்டால் தோற்றம் வேறு, தரம் அதேதான். அப்படிப்பட்ட இரண்டைக் கலந்தால் பிறப்பது குப்பை. நெருக்கடி அதிகமான செல்லிலிருந்து தொடங்கி எண் கொடுத்துக்கொண்டே போகும் எளிய முறை போதும். அண்டை செல்களின் எண்களை 3-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையில் வந்த டில்ட் பிளானாக இருந்தாலும், முதலில் ஒரே கிளஸ்டரில் (அடுத்தடுத்த சைட்டுகளின் தொகுப்பில்) 15 செக்டருக்கு மட்டும் போடுங்கள். நள்ளிரவுக்குப் பின், கூட்டம் குறைந்த நேரத்தில். பழைய மதிப்புகளை ஒரு ஷீட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து செல் பட்டியலையும் அதே இரவில் புதுப்பியுங்கள். டில்ட் மாறியதும் புதிய அண்டை உருவாகும், பட்டியலில் அது இல்லையென்றால் ஹேண்டோவர் (ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கால் கைமாறுவது) தவறும். மறுநாள் காலை அதே பாதையில் டிரைவ் டெஸ்ட், பிறகு 7 நாள் கால் டிராப் எண்ணிக்கை. ஒரு வாரம் என்பதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை: அன்று ஓஎம்ஆர் காலியாக இருக்கும், தி.நகர் நிரம்பி வழியும். ஒரே நாள் எண்ணை வைத்து முடிவெடுத்தால் ஏதோ ஒரு பக்கம் தவறிவிடும்.